பட்டியலில் கடைசியாக இருந்த அத்தியாயம்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நான் இல்லை, என் கணவர். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவர் ஃபிட்டராக இருந்தார். எட்டு மணி நேரம் மில் இரைச்சலில் நின்றுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தால், நான் கூப்பிடுவதுகூடச் சில சமயம் அவருக்குக் கேட்காது. ஆனால் ஏதாவது ஒரு மெஷின் சரியாக ஓடவில்லை என்றால் கேட்டுவிடும். ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே, "அது ஏன் இப்படி இழுக்குது?" என்றார்.

"எது?"

மேஜையில் என் முன்னால் இருந்த லேப்டாப்பைக் கண்ணால் காட்டினார்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. லேப்டாப் எங்களுடையது அல்ல. கிராமங்களில் தாய்சேய் நலத்துக்காக வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனம், கிராமத்து நர்சுகளுக்கான பிரசவக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழில் கொண்டுவர நினைத்தது. நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. எங்கள் சபையில் யாரோ என்னைப் பற்றி அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். பதினான்கு அத்தியாயம், ஒரு வருஷத் தவணை. கூடவே, வெளிநாட்டில் யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த இந்த லேப்டாப்பையும் அனுப்பினார்கள். மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகும் கனம். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும்.

விடியுமுன் எழுந்து சமைத்து, பள்ளிக்குப் போய், ஏழு பீரியடும் நின்றுகொண்டே பாடம் நடத்தி, திரும்பி வந்து நோட்டுத் திருத்தி, அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பு. ஒரு பக்கம், தெம்பிருந்தால் இரண்டு. முதல் சில அத்தியாயங்களைக் கையால் எழுதிவிட்டுப் பிறகு தட்டினேன். விரல் பழகியதும் நேராகவே தட்டத் தொடங்கினேன். எழுதிய தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டேன். போட்டபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் சொன்ன பிறகு எனக்கும் கேட்டது. சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும். பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி முனகல். ஒரு அத்தியாயத்தைத் திறக்கச் சொன்னால் திரையில் மணல் கடிகாரம் நின்றுகொண்டே இருக்கும். நான் போய் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் நிற்கும். ஒரு நாள் திரை முழுக்க நீலமாகிவிட்டது. வைரஸ் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் வைரஸ் என்றுதான் சொல்வோம். டிஸ்க்கைச் சோதிக்கிற புரோகிராம் ஒன்று அதிலேயே இருந்தது. அதை ஓடவிட்டால் சின்னச் சின்னக் கட்டங்களாக நகரும், கெட்டுப்போன இடத்தில் 'B' என்று குறி போடும். முதல் நாள் மூன்று குறி. ஒரு வாரம் கழித்துப் பத்தொன்பது. ஆனாலும் மூடிவைத்துவிட்டு மறுநாள் வழக்கம்போல, பதினான்காவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களைத் தட்டினேன். ஏதாவது செய்ய வேண்டும் என்று தெரிந்தும் செய்யாமல் இருந்த நாட்கள் அவை. அன்றன்றைய வேலையை முடிப்பதே போதும் போதும் என்றிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் தன் பையிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தார். அதன் நுனியை லேப்டாப்பின் இடது மூலையில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். மில்லில் மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று அப்படித்தான் பார்ப்பார்களாம்.

"பேரிங் போயிருச்சு," என்றார்.

"இதுல பேரிங் இருக்கா?"

"சுத்துற சாமான் எதுலயும் பேரிங் இருக்கும். இது தேஞ்சு ஆடுது. மில்லுல இந்த மாதிரி முனங்குச்சுன்னா நாங்க நிப்பாட்ட யோசிப்போம். நிப்பாட்டுனா திரும்ப ஓடுமான்னு சொல்ல முடியாது."

நான் அதற்குள் லேப்டாப்பை அணைத்திருந்தேன்.

இராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.வி.யும் டேப்ரிக்கார்டரும் ரிப்பேர் பார்க்கிற கடை ஒன்று இருந்தது. அன்று மதியமே லேப்டாப்போடு அங்கே போனோம். கடைக்காரர் சவூதியில் ஐந்து வருஷம் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்த்தவர். வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஊருக்கே திரும்பிவிட்டார் என்று என் கணவர் சொன்னார். நாற்பது வயதிருக்கும். பேசும்போதே கொட்டாவி விடுவார். வாப்பாவைக் கவனித்துக்கொள்வதில் தூக்கம் போதுவதில்லை என்று அவரே பிற்பாடு சொன்னார்.

லேப்டாப்பை அவர் ஆன் பண்ணவே இல்லை. என்ன சத்தம், எப்போதிருந்து, எத்தனை 'B' என்று மட்டும் கேட்டார்.

"டீச்சர், இதுக்கு வைத்தியம் கிடையாது. டிஸ்க் போகப் போகுது. நம்ம பண்ணக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான். அது போறதுக்குள்ள உள்ள இருக்கறத பிளாப்பியில எடுத்துரணும். எத்தன தடவ ஆன் ஆகும்னு தெரியாது. ஒரே தடவதான்னு வச்சுக்கங்க."

"அப்ப இப்பவே எடுத்துரலாமா?"

"வேண்டாம். மொதல்ல வீட்டுக்குப் போயி, எது எது வேணும்னு வரிசையா எழுதிட்டு வாங்க. ரொம்ப முக்கியமானது மேல, போனாப் போகட்டுங்கறது கீழ. ஆன் பண்ணின பொறவு யோசிக்க நேரம் இருக்காது. நாளைக்கு யு.பி.எஸ். ஒண்ணு கேட்டு வாங்கி வைக்கிறேன். இந்த வீதியில கரண்ட நம்ப முடியாது."

அன்று சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளில் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். சுலபம் என்று நினைத்தேன். முதல் இரண்டு அத்தியாயங்களைச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மாதிரிக்குப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்ததால் அவை கீழே போகலாம். ரத்தப்போக்கு பற்றிய அத்தியாயத்துக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது, அது முதலில். அப்படியே எழுதிக்கொண்டு போனேன். பதின்மூன்று எண்ணும் எழுதியாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்பதாவது அத்தியாயம். அதைக் கடைசியில் எழுதினேன்.

என் கணவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒம்பது ஏன் எல்லாத்துக்கும் கீழ கெடக்கு? பிரிண்ட் எடுத்த ரெண்டுமே அதுக்கு மேலதான் இருக்கு."

"சின்ன அத்தியாயம். போனா திரும்ப எழுதிக்கலாம்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. எதைப் பற்றியது என்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒன்பதாவது அத்தியாயம், இறந்து பிறக்கும் குழந்தைகளைப் பற்றியது. எண்பதுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை மாதம் நிறைந்து, உயிரில்லாமல் பிறந்தது. இராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில். எனக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்து, தரையைக்கூடத் துடைத்திருந்தார்கள். குழந்தையை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதையும் எந்த நாளிலிருந்து என்று தெரியாமலே விட்டுவிட்டோம். அந்த அத்தியாயத்தை நான்கு நாளில், அகராதியைப் பார்த்துப் பார்த்து, வேண்டாவெறுப்பாக முடித்திருந்தேன். ஒரு முறைகூடத் திரும்பப் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் காலை பஸ்ஸில் இராஜபாளையம் போனோம். லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் கையால் தூக்கிப் பிடித்தேன். கடைக்காரர் மேஜையை ஒழித்து வைத்திருந்தார். விண்டோஸை ஏற்றாமல், தன்னிடமிருந்த பிளாப்பியைப் போட்டு, வெறும் எழுத்து மட்டும் வரும் பழைய டாஸில் ஆன் பண்ணினார். அப்படிச் செய்தால் டிஸ்க்குக்கு வேலை குறைவு என்றார். முனகல் ஏறியது. டிக். மறுபடி ஏறியது. நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்றோம். நாலாவது முறை டிக் சத்தம் வரவில்லை. திரையில் என் அத்தியாயங்களின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "பட்டியலப் படிங்க டீச்சர்," என்றார்.

நான் எண்ணைப் படிக்கப் படிக்க அவர் தட்டினார். என் கணவர் நிறைந்த பிளாப்பியில் பென்சிலால் எண் எழுதி அடுக்கினார். சில அத்தியாயங்கள் ஒரே நிமிஷத்தில் வந்தன. சில இடங்களில் டிஸ்க் பிடிவாதம் பிடித்தது. படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி முயலவா என்று திரையில் கேள்வி வரும். அவர் 'R' விசையை அமுக்குவார். மறுபடி அதே கேள்வி. மறுபடி 'R'. கோபமே படாமல், ஊசியில் நூல் கோக்கிற மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆறாவது அத்தியாயத்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஆகியிருக்கும். டீ வந்தது. யாரும் குடிக்காமல் ஆடை படர்ந்தது.

பதினோரு அத்தியாயம் முடிந்து கொஞ்ச நேரத்தில் ஃபேன் நின்றது. யு.பி.எஸ். விட்டுவிட்டு அலறத் தொடங்கியது.

"செத்த நேரந்தான் தாங்கும்," என்றார் கடைக்காரர். "மிச்சம் எத்தன?"

"மூணு. பிரிண்ட் எடுத்த ரெண்டு, பொறவு ஒம்பது."

"பிரிண்ட் இருக்குல்ல? அப்ப ஒம்பத மொதல்ல எடுத்துருவமா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் சொல்வார் என்று நானும், நான் சொல்வேன் என்று அவரும் நின்றதில் கொஞ்ச நேரம் போனது. கடைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, பட்டியலில் இருந்தபடியே தொடர்ந்தார். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. ஒன்பதைத் தட்டியதும் 'படிக்க முடியவில்லை' என்றது. 'R'. மறுபடி 'R'. யு.பி.எஸ். நீளமாக ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. திரை கறுத்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. டிஸ்க் வரவில்லை. முனகல்கூட இல்லை, வெறும் டிக், டிக். கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பி, டிஸ்க்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டி நான்கைச் சேர்த்து வைத்த அளவுதான் இருந்தது. ஒட்டிக்கொண்டிருந்தால் விடுபடும் என்று மணிக்கட்டை வெடுக்கென்று இரண்டு மூன்று தடவை திருப்பினார். மாட்டி ஆன் பண்ணினார். டிக், டிக்.

"அம்புட்டுதான் டீச்சர். இனி இத வருத்தக்கூடாது."

பதின்மூன்று கிடைத்ததே பெரிது என்று அவரும் சொன்னார், என் கணவரும் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மறுநாள் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் முதல் பிளாப்பியைத் திறக்கும் வரை.

திரையில் தமிழ் இல்லை. தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஏதோ ஐரோப்பிய எழுத்துகளாகப் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தது. பள்ளியின் போனிலிருந்தே கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"ஃபாண்ட்ட எடுக்காம விட்டுட்டோம் டீச்சர். நீங்க எழுதினது அம்புட்டும் பத்திரமா இருக்கு. அத தமிழாக் காட்டுற எழுத்து செத்த டிஸ்க்குல இருக்கு. சவூதியில அரபிக்கு இதே கத ஒரு தடவ ஆச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மறந்துட்டேன்."

அன்றைக்கு ஒவ்வொரு தமிழ் ஃபாண்ட்டும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் தட்டியது இன்னொன்றில் திறந்தால் கந்தரகோலமாகும். தொண்டு நிறுவனத்துக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். ஃபாண்ட் போட்டுக்கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பிளாப்பியைத் தேடுகிறோம் என்றார்கள். சிவகாசி அச்சகத்தில், மாதிரி பிரிண்ட் எடுத்ததும் அந்தக் கோப்பையும் ஃபாண்ட்டையும் அழித்துவிட்டிருந்தார்கள். அங்கே டைப் செய்கிறவர் ஒவ்வொரு எழுத்தாக மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றை மாற்றினால் ஏற்கெனவே மாற்றியது கெட்டது. மதியத்துக்கு மேல், "இதுக்கு நீங்க புதுசாவே அடிச்சிரலாம்" என்றார்.

அப்படித்தான் செய்தேன். அச்சடித்த முதல் இரண்டு அத்தியாயங்களையும் அதே அத்தியாயங்களின் கொம்பு எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று ஒரு அட்டையில் எழுதினேன். தலைமையாசிரியை, நாலு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். கொம்பு எழுத்தைப் பார்த்துப் பார்த்து, சிவகாசியில் கொடுத்த வேறொரு ஃபாண்ட்டில் தட்டினேன். மூன்று வாரத்தில் அட்டை தேவைப்படவில்லை. யாருக்கும் பயன்படாத ஒரு பாஷையைச் சரளமாகப் படிக்கக் கற்றிருந்தேன். கழுத்து வலிக்கு என் கணவர் மில் டிஸ்பென்சரியிலிருந்து தைலம் வாங்கி வந்தார். பதின்மூன்று அத்தியாயங்களும் முடிய நான்கு மாதம் ஆயிற்று. முடிந்த வாரம் தபாலில் ஒரு உறை வந்தது. ஃபாண்ட் பிளாப்பி கிடைத்துவிட்டதாம். நான் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.

பிறகு ஒன்பது மட்டும் மிச்சமிருந்தது. ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டிலேயே தாளில் எழுத உட்கார்ந்தேன். அன்று என் கணவருக்கு வார விடுமுறை. எதிரே உட்கார்ந்து பழைய மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியத்தில் வெகுநேரம் நின்றேன். முதல் முறை அதை எப்படித் தமிழாக்கினேன் என்று நினைவிருந்தது. 'தாயின் விருப்பமறிந்து சிசுவின் உடலைக் காண்பிக்கலாம்.' அது எனக்கே புரியாத தமிழ். வேறு மாதிரி எழுதி வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

"குழந்தையைப் பார்க்கணுமா, கையில் வாங்கிக்கணுமா என்று அம்மாவிடம் கேளுங்கள். அவள் கேட்டால் கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்."

மிக்ஸியைக் கழற்றும் சத்தம் நின்றது.

"அப்படியா போட்டிருக்கு?" என்றார்.

"ஆமா."

"அவகிட்டதான் கேக்கணும்னா?"

"ஆமா."

அவர் கையிலிருந்த போல்ட்டைத் தரையில் வைத்தார். "எங்கிட்டத்தான் கேட்டாக. நர்ஸம்மா வெளிய வந்து, நீ முழிச்ச பொறவு ஒனக்குக் காட்டணுமான்னு கேட்டாக. நான் வேண்டாம்னுட்டேன்."

பத்து வருஷமாக அது ஆஸ்பத்திரி செய்த முடிவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பார்த்தீங்களா?"

"தூக்கினேன். எங்க அண்ணன் வண்டி கொண்டுட்டு வர்ற வரைக்கும் நான்தான் வச்சிருந்தேன்."

"எப்படி இருந்தா?"

"முடி நெறைய இருந்துச்சு. நெத்தி ஒன்னோடது. தூங்குற பிள்ள மாதிரிதான். நீ பார்த்தா தாங்க மாட்டேன்னு நெனச்சேன். பொறவு சொல்லுவோம் சொல்லுவோம்னு இருந்து, சொல்ல முடியாமலே போயிருச்சு."

"எங்க வச்சீங்க?"

"எங்க ஊரு தேவதானத்துல. அண்ணன் தோட்டத்துல, வரப்பு ஓரமா. கல்லறைத் தோட்டத்துல போயிக் கேக்க மனசு வரல."

நான் அவரைத் திட்டவில்லை. திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது, அதற்கான தெம்பு இல்லை. இரண்டு நாள் அவரோடு அதிகம் பேசவில்லை. சோறு போட்டேன், சட்டை துவைத்தேன். அவரும் ஷிப்டுக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் அந்தத் தாளை எடுத்து, கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். 'அவளுக்குப் பதிலாக வேறு யாரிடமும் கேட்காதீர்கள்.' அதை அவரிடம் காட்டினேன். படித்தார். "சரிதான்," என்றார்.

தொண்டு நிறுவனத்துக்காகக் கையெழுத்துப் பிரதியைச் சரிபார்த்த டாக்டரம்மா அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், 'மூலத்தில் இல்லை' என்று குறித்து அனுப்பியிருந்தார். நான் பதில் எழுதினேன். மூலத்தில் இல்லைதான், ஆனால் நம் ஊரில் சொல்லியாக வேண்டும், எடுப்பதானால் என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்று. அத்தனை கடுமையாக நான் யாருக்கும் எழுதியதில்லை. வாக்கியம் இருந்தது. லேப்டாப்பைத் திருப்பி அனுப்பினேன், டிஸ்க் இல்லாமலே வாங்கிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் தேவதானம் போனோம். அவருடைய அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் தோட்டத்துக்கு நடந்தோம். நெல் கதிர் வாங்கும் பருவம். அவர் வரப்பில் முன்னால் போனார். ஒரு இடத்தில் நின்றார், தலையை ஆட்டினார், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். நடுவில் ஒரு வருஷம் தண்ணீர் உடைத்துக்கொண்டு போனதால் வரப்பைப் புதிதாக வெட்டிப் போட்டிருந்தார்களாம்.

"இங்கனதான் எங்கயோ. சரியாச் சொல்ல முடியல," என்றார்.

"பரவாயில்ல," என்றேன்.

வரப்பில் உட்கார்ந்தோம். அவர் ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். நீங்களே பண்ணுங்கள் என்றேன். பண்ணினார், சின்னதாக. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் கால் இரண்டும் வலித்தன. மறுநாள் அவருக்கு முதல் ஷிப்ட் என்பதால் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க எழுந்தோம்.